சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதுமா? ப்ராசஸர், மதர்போர்டு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாக்கெட் (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) ஒன்றுதானே என்று நம்பி ப்ராசஸரையும் மதர்போர்டையும் தனித்தனியாக வாங்கிவிடுவதுதான் பெரிய தவறு. இன்டெலின் 7ஆம் தலைமுறைக்கும் 8ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் எல்ஜிஏ 1151தான். ஆனாலும் இசட்270 போர்டில் 8ஆம் தலைமுறை ப்ராசஸர் ஓடாது. அதற்கு 300 வரிசை சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்துக் கட்டுப்படுத்தும் சிப்) வேண்டும்.

ஏஎம்டியில் சிக்கல் வேறு விதம். பி450 போர்டில் ரைசன் 5 5600 சரியாக உட்காரும். ஆனால் போர்டில் பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) இருந்தால் திரையில் எதுவுமே வராது. ஆகவே பணம் கட்டும் முன், போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்குரிய சிபியு சப்போர்ட் பட்டியலைத் திறந்து, உங்கள் ப்ராசஸருக்கு நேரே எந்த பயாஸ் பதிப்பு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய சரக்காக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டையே எடுங்கள். ப்ராசஸரே இல்லாமல், 24 பின், 8 பின் பவர் கேபிள்களை மட்டும் செருகி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவிலிருந்து புதிய பயாஸை ஏற்றிவிடலாம். கோப்பின் பெயரைக் கையேட்டில் சொன்னபடி மாற்ற மறந்தால், பட்டனை அழுத்தினாலும் பலன் இருக்காது.

அடுத்தது ரேம். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு. மாடல் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், ஒன்றின் ரேம் மற்றதில் நுழையாது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டும்தான். 32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி ரேம் இரண்டு வாங்குங்கள். 8 ஜிபி நான்கு வேண்டாம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200 எம்டி/எஸ் (வினாடிக்கு மெகா டிரான்ஸ்ஃபர்), நான்கு போட்டால் 3600தான்.

இன்டெலில் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் படமே வராது. ‘கே’ ப்ராசஸரை பி அல்லது எச் சிப்செட்டில் போட்டால் ஓடும், ஆனால் மல்டிபிளையரை (வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்) உயர்த்தி ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, முடியாது.

பலர் கவனிக்காமல் விடுவது போர்டின் விஆர்எம் பகுதி. ப்ராசஸருக்கு மின்சாரத்தைப் பதப்படுத்தித் தருவது அதுதான். கோர் ஐ9 14900கே 253 வாட் வரை இழுக்கும். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாத எளிய எச்610 போர்டில் அதைப் போட்டால், வீடியோ ரெண்டர் தொடங்கிச் சிறிது நேரத்தில் விஆர்எம் கொதித்து ப்ராசஸரின் வேகம் சரியும். அப்படிப்பட்ட ப்ராசஸருக்குப் போர்டில் மிச்சம் பிடிப்பதைவிட, ஒரு படி கீழான ப்ராசஸரும் உறுதியான போர்டும் வாங்குவதே மேல். மாறாக, ஐ5 12400 போன்ற ப்ராசஸருக்கு விலையுயர்ந்த இசட்790 எடுப்பது வீண் செலவு.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் என்றால், விண்டோஸ் நிறுவும் முன்பே பயாஸைப் புதுப்பியுங்கள். தேவைக்கு மீறிய வோல்ட்டேஜால் இவற்றில் சில நிலைகுலைந்தன. அதற்கான மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்களை, பயாஸ் வழியாக வருபவற்றை, இன்டெல் 2024-இல் வெளியிட்டது. ஏற்கெனவே பழுதான சிப்பைத் திருத்தம் மீட்காது.

ஏஎம்5 கணினியை முதன்முறை இயக்கும்போது ரேமைச் சோதித்து அமைத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். திரை கருப்பாக இருக்கிறதே என்று பயந்து பவரை அணைத்துவிடாதீர்கள்.