வாட்டிய பன்றிக்கறியும் மாம்பழ சால்சாவும்: பப்பாளிக்காய் எதற்கு?

சித்திரை, வைகாசியில் மதுரைப் பக்கம் அடுப்படிக்குள் நிற்க முடியாது. வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் கரியை மூட்டி, வெண்பன்றிக்கறியை வாட்டி, மேலே மாம்பழ சால்சாவை (மாம்பழம், வெங்காயம், மிளகாயை வேகவைக்காமல் நறுக்கிக் கலந்தது) அள்ளிப் போட்டால் ராச்சாப்பாடு முடிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தச் சுலபமான சமையலையும் கெடுத்துக்கொள்கிறார்கள். உப்பு கூடுவதும் உறைப்பு குறைவதும் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பப்பாளிக்காய், பச்சை அன்னாசி

முற்றிய ஆட்டுக்கறி வேகாவிட்டால் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவது நம் வீட்டுப் பழக்கம். அதை அப்படியே பன்றிக்கறிக்குக் கொண்டுவருவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். போன கோடையில் அழகர்கோவில் பக்கத்துத் தோப்பில் அண்ணன் மகன் கறி வாட்டினான். பப்பாளிக்காயைத் துருவி, அன்னாசியையும் அரைத்துப் பூசி, ராத்திரி முழுக்கப் பிரிட்ஜில் வைத்திருந்தான். கம்பியில் போட்டுத் திருப்பினால் மேல்கறி மாவு மாதிரி கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்தது எப்போதும்போலத்தான் இருந்தது.

"மெத்துன்னு வரும்னுதான் போட்டேன் சித்தப்பா."

"அது ஏற்கெனவே மெத்துன்னு உள்ள கறிடா!"

பண்ணை வெண்பன்றி ஒரு வயது நிறையும் முன்பே கறிக்கு வந்துவிடுகிறது. அதைக் குழைக்க எதுவும் தேவையில்லை. பப்பாளிக்காயில் உள்ள பப்பைனும் அன்னாசியில் உள்ள புரோமிலைனும் புரதத்தை அறுக்கும் நொதிகள். அவை கறிக்குள் ஆழமாக இறங்குவதில்லை. மேற்பரப்பிலேயே நின்று அரித்துக்கொண்டிருக்கும். பிரிட்ஜ் குளிர் அவற்றை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. ஈரக்கூழான அந்த மேற்பரப்பு சிவக்காது, வாட்டிய மணமும் வராது. கிலோக்கணக்கில் வாங்கிய கறி இப்படிப் போவது வயிற்றெரிச்சல்.

உப்பு, மிளகு, தட்டிய பூண்டு, கொஞ்சம் நல்லெண்ணெய் தடவி ராத்திரி வைத்தால் போதும். எலுமிச்சைச் சாறு வேண்டுமென்றால் வாட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சேருங்கள். அன்னாசியை வட்டமாக நறுக்கித் தனியே கரியில் வாட்டிக்கொள்ளலாம். சூட்டில் அந்த நொதி செத்துவிடும். டின் அன்னாசியிலும் அது இருக்காது.

கடையில் வறுவலுக்கு வெட்டி வாங்குவது

வேண்டாம். ஓர் இஞ்ச் கனத்தில், கொழுப்போரம் எடுக்காமல் கேளுங்கள்.

சுவாலையில் வாட்டுவது

சீமைக்கருவேலங்கரி நின்று கனலும். நீறு பூக்கும்வரை பொறுங்கள். கரியை ஒரு பக்கமாகக் குவித்து மறுபக்கத்தைக் காலியாக விடுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பும்போது கறியைத் தள்ளி வைக்க அந்த இடம் வேண்டும். நாட்டுச்சர்க்கரையோ தேனோ பூசுவதென்றால் கடைசி இரண்டு நிமிடத்தில். முன்னால் பூசினால் கருகிக் கசக்கும்.

மண்ணெண்ணெய்

ஊற்றவே ஊற்றாதீர்கள்.

பயந்து கட்டையாக்குவது

நாடாப்புழுப் பயத்தில் கறியைச் செருப்புத்தோல் ஆக்குகிறார்கள். அமெரிக்க வேளாண் துறை முழுத்துண்டின் உள்ளே எட்ட வேண்டிய சூட்டின் அளவை 2011-லேயே 71-லிருந்து 63 டிகிரி செல்சியஸாகக் குறைத்துவிட்டது. இறக்கியபின் 3 நிமிடம் ஆறவிட வேண்டும். கொத்துக்கறிக்கு மட்டும் இன்றும் 71தான். கண்ணால் பார்த்து நிறத்தை நம்பாமல், கறிக்குள் குத்தும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பச்சைக்கறியை மாடியில் வெளியே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கவும் கூடாது. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

சால்சா

கனிந்து குழைந்த மாம்பழம் கறிமேல் போட்டால் சாறாக ஓடிவிடும். செங்காயாக, நறுக்கினால் சதுரம் நிற்கிற பதத்தில் எடுங்கள். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், மல்லித்தழை, எலுமிச்சை போதும். கொடைக்கானல் பிளம்ஸ் கிடைத்தால் புளிப்புக்கு அதையும் நறுக்கிப் போடலாம். உப்பை மட்டும் பரிமாறும்போது சேருங்கள். முன்பே போட்டால் தண்ணீர் விட்டுவிடும். கறி ஊறிய மசாலாவை, சுவையாக இருக்கும் என்று சால்சாவில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பச்சைக்கறித் தண்ணீர், கீழே கொட்டிவிடுங்கள்.