பாலிஹவுஸ் போடுகிறீர்களா? குழியை மூடுமுன் போய்ப் பாருங்கள்

ஓசூர் பக்கத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இப்போது புதிதாக பாலிஹவுஸ், அதாவது பைப் சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பயிர்க் குடில், போடுகிறார்கள். இருவரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆலங்கட்டி விழுந்தா ஷீட் தாங்குமாண்ணா?" என் முதல் குடில் போட்டபோது நானும் இதையேதான் கேட்டேன். ஆலங்கட்டி ஷீட்டைக் கிழிக்கும், சரி, வேறு ஷீட் போட்டுக்கொள்ளலாம். கூடவே வரும் சூறைக்காற்று குடிலையே பிடுங்கிவிடும்.

குழியைப் பார்க்காமல் விடுவது

என் முதல் குடில் அரை ஏக்கர், குடைமிளகாய். சதுர மீட்டருக்கு யார் குறைத்துச் சொன்னார்களோ அவர்களிடமே வேலையைக் கொடுத்தேன். பைப்புக் கால்களுக்குக் குழி எடுத்து கான்கிரீட் கலவை போட்ட இரண்டு நாளும் நான் ஊரில் இல்லை. வந்து பார்த்தபோது மண் மூடி, பைப்புகள் நூல் பிடித்தமாதிரி நின்றன. இரண்டாம் வருஷம் சித்திரையில் ஒரு சாயங்காலம், கால் மணி நேரக் காற்று. மேற்கு ஓரத்தில் ஒரு வரிசைக் கால்கள் அப்படியே மேலே வந்துவிட்டன. பைப்பின் அடியில் ஒட்டியிருந்த கான்கிரீட் ஒரு தேங்காய் அளவு. குழி முழங்கால் ஆழம்கூட இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஒரே ஒரு நாள் பக்கத்தில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

வீட்டு அஸ்திவாரம் பாரத்தைத் தாங்க. குடிலின் அஸ்திவாரம், அது மேலே கிளம்பாமல் பிடித்துவைக்க. வளைந்த கூரைமேல் காற்று ஓடும்போது கூரையை மேலே இழுக்கும். பக்கத் திரை திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் அடியிலிருந்து தள்ளும். காற்றின் வேகம் 2 மடங்கானால் விசை 4 மடங்கு. அதனால் குழி 2 அடிக்குக் குறையவே கூடாது, ஓரக் கால்களுக்கு இன்னும் ஆழம் வேண்டும். பைப்பின் அடியில் குறுக்கே ஒரு கம்பி வெல்டு செய்யச் சொல்லுங்கள், கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வராது. கலவை போடும் அன்று டேப்போடு நில்லுங்கள். அடுத்த தவணைப் பணம் அதற்கு அப்புறம்தான்.

தொளதொள ஷீட்

ஷீட்டின் தடிமன் 200 மைக்ரான் என்று பில்லில் இருந்தால் மட்டும் போதாது. தளர்ந்த ஷீட் படபடத்து, பைப்பில் உராய்ந்தே கிழியும். தொய்ந்த இடத்தில் தண்ணீரும் ஆலங்கட்டியும் சேர்ந்து உட்காரும். காற்றடிக்கும் நேரத்தில் ஷீட் ஏற்ற விடாதீர்கள். ஷீட்டை இறுக்கிப் பிடிக்கும் ஜிக்ஜாக் ஸ்பிரிங் (வளைவு வளைவான கம்பி), அது உட்காரும் புரொஃபைல் என்ற காடியின் முழு நீளத்துக்கும் ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ரோஜா போடுகிறவர்கள் சாம்பல் நோய்க்குக் கந்தகம் புகைத்தால் ஷீட் சீக்கிரமே நொறுங்கத் தொடங்கும்.

காற்றைப் பார்த்த கூரைத் திறப்பு

சூடான காற்று வெளியேற கூரையில் விடும் திறப்பு, காற்று வரும் பக்கம் பார்த்து வேண்டாம். மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும் இடமென்றால் திறப்பு கிழக்கே.

பாதி மூடிய திரை

வானம் கறுத்ததும் பக்கத் திரைகளை நான்கு பக்கமும் முழுதாக மூடுங்கள்.

கொடியின் பாரத்தைச் சொல்லாமல் விடுவது

குடைமிளகாயோ தக்காளியோ கயிறு கட்டித் தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். காய் பிடித்த செடிகளின் பாரம் முழுக்க குடிலின் கால்களில்தான் இறங்கும், பைப்பின் கனம் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு வரும் வியாழக்கிழமை கலவை போடுகிறார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு நானும் போகிறேன்.