டிரினிடாடில் மாதச் செலவு: கணக்கைச் சந்தையில் தொடங்குங்கள்

கரீபியன் தீவான டிரினிடாடுக்கு வேலைக்குப் போகிறீர்களா? அங்கே ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 6.75 டிரினிடாட் டாலர் கிடைக்கும். பல ஆண்டுகளாக இந்த விலை பெரிதாக அசையவில்லை. சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது. உள்ளூர்ப் பணத்தைக் கொடுத்து அமெரிக்க டாலர் வாங்குவது கடினம்; வங்கிகள் அளந்துதான் கொடுக்கும், கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கும் உச்சவரம்பு வைக்கும். ஆகவே கொண்டுவந்த டாலரை மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள் மாதத்துக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்பதை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

வீடு பார்க்கும்போது முதல் கேள்வி தண்ணீர்த் தொட்டி. பல பகுதிகளில் குழாயில் தினமும் தண்ணீர் வராது. ஜனவரி முதல் மே வரையிலான வெயில் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். தொட்டியும் பம்பும் இல்லாத வீடு வாடகை குறைவாகத் தோன்றும். லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் வாங்கியே அந்த மிச்சம் கரைந்துவிடும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பதால் பாதித் தொகையை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள்.

உண்மையில் மிச்சம் பிடிக்கும் இடம் சமையலறைதான். இறக்குமதிப் பொருளை மட்டும் தேடிச் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கினால் பட்ஜெட் நிற்காது. சனிக்கிழமை காலை சகுவானாஸ் நகரச் சந்தைக்குப் போங்கள். நம் காய்கள் எல்லாம் வேறு பெயரில் அங்கே இருக்கின்றன. காராமணிக்காய் 'போடி', பாகற்காய் 'கரைலி', பீர்க்கங்காய் 'ஜிங்கி', முருங்கைக்காய் 'சைஜன்'. கறிவேப்பிலையை 'கராபிலே' என்று கேளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் விட்டுப்போன தமிழ்ச் சொல் அது. இன்றும் சந்தையில் அதைச் சொன்னால் கொத்தை எடுத்து நீட்டுவார்கள். எடை பவுண்டில்தான், ஒரு பவுண்டு 454 கிராம். மழைக்காலத்தில் வயல்கள் வெள்ளத்தில் மூழ்கினால் தக்காளியும் கீரையும் சட்டென்று விலை ஏறும். அந்த வாரங்களில் பூசணி, சேம்பு, வாழைக்காய் பக்கம் திரும்பிவிடுங்கள். வாழைக்காய்க்கு அங்கே 'கிரீன் ஃபிக்' என்று பெயர்.

துவரம்பருப்பு எல்லாக் கடையிலும் இருக்காது. 'டால்' என்று விற்பது உடைத்த மஞ்சள் பட்டாணி. விலை குறைவு, சாம்பாருக்கும் ஒத்துவரும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கப்புக்கு மூன்று கப் தண்ணீர் விட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய் சேருங்கள். நிறைய நுரைக்கும் பருப்பு இது. குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை வெயிட் துளையை அடைத்துவிடும். அரிசிக்குக் கவலை வேண்டாம், கயானா புழுங்கலரிசி எங்கும் கிடைக்கும்.

ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவர ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே சுவர் பிளக்கில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 230 வோல்ட் மிக்ஸி திணறும், உளுந்து அரையாது. 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மராவது தேவை. அதன் விலைக்கும் எடைக்கும் 110 வோல்ட் மாடலை வாங்கி வருவதே மேல்.

போக்குவரத்துக்கு மேக்ஸி டாக்ஸி எனப்படும் பொது வேன் போதும். வண்டியில் தீட்டிய பட்டையின் நிறம்தான் வழித்தடத்தைக் காட்டும்: கிழக்கே போக சிவப்பு, தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து சகுவானாஸ், சான் ஃபெர்னாண்டோ பக்கம் போகப் பச்சை. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் ஏறிய பிறகு டிக்கெட் வாங்க முடியாது. நிலையத்திலோ கடையிலோ முன்பே நாலைந்து வாங்கிப் பர்ஸில் வைத்திருங்கள்.