புட்டிப்பால் குட்டியும் கழிச்சலும்

தாய் ஒதுக்கிவிட்ட வெள்ளாட்டுக்குட்டி, எடை இரண்டரை கிலோ. புட்டியை எடுத்ததும் கத்தும். பசிதான் என்று நினைத்து, குடிக்கும் மட்டும் கொடுத்தேன். ஐந்தாம் நாள் மஞ்சளாகக் கழிச்சல், வயிறு தம்மென்று உப்பல். பாலில்தான் கோளாறு என்று நினைத்து மாற்றியும் பார்த்தேன். அது வீண் வேலை.

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு வேளைக்கு எவ்வளவு?" நான் அளந்ததே இல்லை! சில வேளை பாலை நிறுத்தி, உப்பு சர்க்கரைக் கரைசலை அவர் சொன்ன அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அப்புறம் நாளுக்கு 400 மில்லி, அதை ஐந்தாகப் பிரித்து, 39 டிகிரி செல்சியஸ் சூட்டில். மூன்றாம் நாள் சாணி உருண்டையாகத் தொடங்கியது.

குடிக்கும்போது இருமல் மட்டும் நிற்கவில்லை. நிப்பிள் ஓட்டையை நானே ஊசியால் பெரிதாக்கியிருந்தேன். பால் மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். புது நிப்பிள் போட்டு, குட்டியை நிற்கவைத்தே கொடுத்தேன், இருமல் போய்விட்டது.

இப்போது பாலுக்கு முன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கிறேன். சில்லென்றிருந்தால் முதலில் உடம்பைச் சூடாக்குவேன், பால் பிறகுதான். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது.

கத்தல் மட்டும் குறையவே இல்லை.