ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வயரிங்: மோட்டாரை எரிக்கும் தவறுகள்

மோட்டார் எரிந்தால் நேராக ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். அதே மோட்டார் மறுபடி எரியும்போதுதான் ஸ்டார்ட்டர் பெட்டியின் ஞாபகம் வருகிறது. முதலில் பார்க்க வேண்டியதே அந்தப் பெட்டியைத்தான். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் மோட்டாரின் மூன்று வைண்டிங்கையும் முதலில் ஸ்டாராக (ஒரு பக்க முனைகள் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து) இணைத்துக் கிளப்பும், வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு (ஒன்றின் முனை அடுத்ததோடு சேர்ந்த முக்கோணம்) மாற்றும். உரிமம் உள்ள வயர்மேன்தான் அதில் கைவைக்க வேண்டும். அவர் செய்ததைச் சரிபார்க்க மோட்டார் வைத்திருப்பவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டால் கரண்ட் போய்விட்டது என்று நினைப்பதுதான் உயிரை வாங்கும் தவறு. கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட்டைச் சேர்த்து விடும் காந்த சுவிட்ச்) விடுபட்ட பிறகும் அதன் மேல் முனைகளில் 415 வோல்ட் அப்படியே நிற்கும். மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றி, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மல்டிமீட்டரால் ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு எர்த் என்று எல்லாவற்றையும் அளக்க வேண்டும். கரண்ட் உள்ள ஓர் இடத்தில் வைத்து மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்டரை மட்டும் நம்பக் கூடாது. ஓடும் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போனால்கூட, வைண்டிங் வழியாக வரும் வோல்டேஜில் அந்த முனையிலும் டெஸ்டர் எரியும். மூன்று ஃபேஸும் இருக்கிறது என்று விட்டுவிடுவோம், உள்ளே வைண்டிங் வெந்துகொண்டிருக்கும்.

அடுத்தது மோட்டாரின் டெர்மினல் பெட்டி. புது மோட்டாரில் முனைகளை இணைத்துப் பித்தளை லிங்க்குகள் இருக்கும். ஸ்டார்-டெல்டாவுக்கு ஆறு வயர் இழுத்துவிட்டு இவற்றைக் கழற்ற மறப்பவர்கள் உண்டு. லிங்க் டெல்டாவில் இருந்தால் ஸ்டார்ட் அழுத்தியதுமே நேரடி ஷார்ட். ஸ்டாரில் இருந்தால் மோட்டார் ஒழுங்காகக் கிளம்பும், டெல்டாவுக்கு மாறும் நொடியில் வெடிக்கும்.

லிங்க்கைக் கழற்றிய பிறகும் ஜோடி தவறலாம். மூன்று வைண்டிங்கின் இரு முனைகளுக்கும் யு1-யு2, வி1-வி2, டபிள்யூ1-டபிள்யூ2 என்று பெயர். டெல்டாவில் யு1-உடன் டபிள்யூ2, வி1-உடன் யு2, டபிள்யூ1-உடன் வி2 என்று ஒவ்வொரு ஜோடியும் ஒரு ஃபேஸில் சேர வேண்டும். யு1-உம் யு2-உம் ஒரே ஃபேஸுக்குப் போனால் அந்த வைண்டிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே வோல்டேஜே இருக்காது. ஆறு வயருக்கும் இரு பக்கமும் ஃபெரூல் (முனையின் பெயர் எழுதிய சிறு வளையம்) போட்டால் இந்தக் குழப்பமே வராது. மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் ஸ்டார்ட்டருக்கு வரும் சப்ளையில் இரண்டு ஃபேஸை மாற்றுங்கள். மோட்டார் பக்கம் மாற்றினால் ஜோடி கெட்டுவிடும்.

ஓவர்லோட் ரிலே (கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துவது) செட்டிங்கில்தான் நிறைய மோட்டார்கள் போகின்றன. 10 எச்பி மோட்டாரின் பெயர்ப்பலகையில் 14 ஆம்பியர் என்று இருக்கும், ரிலேயையும் 14-இல் வைத்துவிடுவார்கள். மெயின் கான்டாக்டருக்குக் கீழே இருக்கும் ரிலே வழியாகப் போவது வைண்டிங் கரண்ட் மட்டும்தான், அதாவது 14-இல் 0.58 பங்கு. அங்கே 8 ஆம்பியர்தான் சரி. 14-இல் வைத்தால் லைனில் 24 ஆம்பியர் போகும்வரை ரிலே அசையாது. ரிலே சப்ளை வரும் லைனிலேயே இருந்தால் மட்டும் 14 பொருந்தும். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று செட்டிங்கை ஏற்றுவதும், ரிலேயையே ஷார்ட் செய்வதும் கூடவே கூடாது.

கான்டாக்டரின் காயில் 230 வோல்ட்டா 415 வோல்ட்டா என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், பார்த்துவிட்டுக் கொடுங்கள். வயர் முனைகளில் லக் (அழுத்திப் பொருத்தும் உலோக முனை) அடித்து இறுக்குங்கள். மோட்டார் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் கம்பி வேண்டும். தண்ணீர்க் குழாயிலோ நியூட்ரலிலோ கட்டுவது எர்த் ஆகாது.