ஆடியிலேயே வந்துவிடுங்கள்

வலசைப் பறவை என்றாலே மார்கழி, தை என்று காத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஆடி கடைசியில் ஒரு விடியற்காலை எண்ணூர் முகத்துவாரத்துக்கு வாருங்கள். சைபீரியாவில் முட்டையிட்டுத் திரும்பும் வளைமூக்கு உள்ளான்களில், அதாவது சேற்றில் இரை தேடும் அந்தச் சிறு கரைப்பறவைகளில், வளர்ந்தவைதான் முதலில் வரும். இளசுகள் பின்னால், தாமாகவே வழி கண்டு வந்து சேரும். முந்தி வருபவற்றின் மார்பில் செங்கல் நிறம் இன்னும் மிச்சமிருக்கும். மழைக்காலத்துக்குள் அது உதிர்ந்து எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூரில் இறங்கி, ஆட்டோவில் தாழங்குப்பம் போய்விடலாம். காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் இருக்கும், பறவையின் கால் நிறம் பளிச்சென்று தெரியும். ஒன்பது மணிக்கு மேல் கானல் அலையத் தொடங்கிவிடும்.

கடல் ஏற்றம் இறங்கி, நீர் வற்றத் தொடங்கும் நேரம்தான் முக்கியம். பறவைகள் மேயும் சேற்றுத் திட்டுகள் அப்போதுதான் தெரியும். இன்று ஆறு மணிக்கு வற்றினால் நாளை ஏறக்குறைய ஆறு ஐம்பதுக்கு வற்றும். பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி இறால் தடவும் இருளர் பெண்களைக் கேளுங்கள். எந்தத் திட்டு எப்போது வெளியே தெரியும் என்று அவர்களுக்கு அத்துப்படி.

பெயரைத் தேடுவதற்கு முன் நடையைப் பாருங்கள். நாலடி ஓடி, சட்டென்று நின்று, ஒரே கொத்து கொத்தினால் அது உப்புக்கொத்தி. அதற்குக் கண்தான் ஆயுதம். தையல் இயந்திரம் போல விடாமல் சேற்றைக் குத்திக்கொண்டே போனால் உள்ளான். அது அலகு நுனியால் புழுவைத் தடவி அறிகிறது. சிவந்த காலோடு தனியே நின்று, ஆளைக் கண்டதும் கீச்சிட்டுப் பறப்பது பவளக்காலி. போன வருடம் ஒரு வளைமூக்கு உள்ளானை அரை மணி நேரம் பார்த்தேன். வயிறு பாதி சிவப்பு, பாதி வெள்ளை. தலையைச் சேற்றில் கண்வரை அழுத்தி அழுத்தி எடுத்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்த பசி அது.

அதனால் கிட்டே போகாதீர்கள். ஆள்காட்டிக் குருவி ஒரு முறை கத்தினால் திட்டே காலியாகிவிடும். அது கத்துவதற்கு முன்பே, பறவைகள் தலையை நிமிர்த்திப் பார்க்கத் தொடங்கும்போதே நின்றுவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இந்தக் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்கள் கறுத்த இறகோடு நின்றன. அன்றிலிருந்து தொலைநோக்கியில் நான் முதலில் தேடுவது வயிற்று இறகைத்தான். அது சுத்தமாக இருந்தால் பிறகு பெயரை எழுதிக்கொள்கிறேன்.