ரெட் வைன் மட்டன்: முதல் தடவை செய்றவங்களுக்கு

பினாங்குல பெரிய சூப்பர்மார்க்கெட் எதுக்குப் போனாலும் நான்-ஹலால் பக்கம் வைன் பாட்டில் வரிசையா அடுக்கியிருக்கும், சில இடத்துல சாஸ் வகைகளோட ‘குக்கிங் வைன்’னு தனியா ஒண்ணு மலிவாவும் கிடைக்கும். சமைக்கத்தானேன்னு அதைத் தூக்கிட்டு வந்துடாதீங்க. அதுல உப்பு சேர்த்திருப்பாங்க, ரொம்ப நாள் கெடாம இருக்கணும், யாரும் எடுத்துக் குடிச்சிடவும் கூடாது, அதுக்குத்தான். வத்த வைக்கும்போது தண்ணி போயிடும், உப்பு எங்கயும் போகாது, சட்டியிலயே உக்காந்திருக்கும்.

அதுக்குன்னு 150 வெள்ளி, அதாவது ரிங்கிட், குடுத்து வாங்குற பாட்டிலும் வேணாம். குடிக்கிறவங்க காசு குடுக்கிறதே பாதி அந்த வாசனைக்குத்தான், அடுப்புல ஏறினா அது பறந்துடும். மிஞ்சுறது புளிப்பு, நிறம், கொஞ்சம் இனிப்பு, அப்புறம் டேனின்னு சொல்ற துவர்ப்பு, வாழைப்பூ மாதிரி நாக்கைப் பிடிக்கும்ல அது. வத்த வத்த துவர்ப்பும் ஏறும். அதனால டேனின் கம்மியான மெர்லோ, பினோ நுவார்ங்கிற வைன் வகைகளைப் பாருங்க, ஓக் பீப்பா வாசம் தூக்கலா இருக்கிறது வேணாம். 40, 50 வெள்ளியில கிடைக்கிறதே போதும், ஒரு வாய் குடிச்சுப் பாத்து முகம் சுளிக்கலைன்னா சமையலுக்கும் சரி. வாங்க 21 வயசு ஆகியிருக்கணும், ஐசி (அடையாள அட்டை) கேட்பாங்க.

சட்டி விஷயம். அலுமினியம் வேணாம், வைன் புளிப்பு பட்டா இரும்பு வாசம் மாதிரி ஒண்ணு குழம்புல இறங்கும். எவர்சில்வர்ல அடி கனமா இருக்கிறதா எடுங்க.

பாசார்ல (சந்தையில) கறிக்கடைக்காரர்கிட்ட “அண்ணே, எலும்போட தோள் கறி ஒரு கிலோ, துண்டு பெருசா வெட்டுங்க”ன்னு கேளுங்க. பெரிய வெங்காயம் 2, கேரட் 2, பூண்டு 6 பல், தக்காளி பேஸ்ட் 2 ஸ்பூன், மைதா 1 ஸ்பூன், பிரிஞ்சி இலை, மிளகு, வைன் அரை பாட்டில், அதாவது 375 மில்லி.

1. கறியை ஈரம் போகத் துடைச்சு உப்பு மிளகு தடவி எண்ணெயில கொஞ்சம் கொஞ்சமா போட்டு நல்லா செவக்க வறுத்து எடுத்து வைங்க. மொத்தமா கொட்டினா தண்ணி விட்டு வெந்துடும், செவக்காது.

2. அதே சட்டியில வெங்காயம், கேரட், பூண்டு வதக்கி தக்காளி பேஸ்ட், மைதா போட்டு ரெண்டு நிமிஷம் கிளறுங்க.

3. இப்பதான் வைன். ஊத்தினதும் புஸ்ஸுன்னு ஆவி வரும், மூஞ்சிய கிட்ட கொண்டு போகாதீங்க. அடியில பழுப்பா ஒட்டியிருக்கும் பாருங்க, ருசியே அதுலதான் இருக்கு, மரக்கரண்டியால சுரண்டிச் சுரண்டி கரைச்சு விடுங்க. மூடி போடாம பாதியா வத்துற வரைக்கும் கொதிக்கட்டும், அவசரப்படாதீங்க, ஆரம்பத்துல சாராய நெடி மூக்குல ஏறும், அது அடங்கி ஜாம் காய்ச்சுற வாசம் வந்தா சரி.

4. கறி, பிரிஞ்சி இலை போட்டு மூழ்குற அளவு சுடுதண்ணி ஊத்தி சிம்ல மூடி வைச்சு ஒன்றரை மணியிலிருந்து ரெண்டு மணி நேரம். புளிப்பா தெரிஞ்சா ஒரு சிட்டிகை சீனி. உப்பு கடைசியில மட்டும் சரி பாருங்க.

கொதிச்சா ஆல்கஹால் எல்லாம் போயிடும்னு வீட்டுக்கு வீடு சொல்லுவாங்க, அப்படியில்ல. அமெரிக்க விவசாயத்துறை அட்டவணைப்படி அரைமணி நேரம் கொதிச்சாலும் 35 சதவீதம் நிக்குது, ரெண்டு மணி நேரத்துக்கு அப்புறமும் 10. அதனால முஸ்லிம் நண்பர்கள் சாப்பிட வர்றாங்கன்னா இந்த சட்டியே வெளிய வர வேணாம், சின்னப் பிள்ளைங்களுக்கும் வேற குழம்பு வைங்க.

தொட்டுக்க ரொட்டி பெங்காலி, அதாவது பினாங்கு பேக்கரி ரொட்டி, தடிமனா வெட்டி வாட்டினது. சோறு அவ்வளவு சேராது, என்னைக் கேட்டா.

மிச்ச வைனை மூடி ஃப்ரிட்ஜ்ல வைச்சா சில நாள்தான், அப்புறம் வினிகர் மாதிரி ஆயிடும், ஐஸ் தட்டுல ஊத்தி ஃப்ரீசர்ல போட்டா அடுத்த தடவை ரெண்டு கட்டி எடுத்துக்கலாம், ஆனா மேல பேர் எழுதி ஒட்டிடுங்க, பாட்டி ரிபேனா ஜூஸுன்னு நினைச்சு பேரனுக்குக் கலக்கிடப் போறாங்க.